ஜெர்மன் சிற்றரசுச் செப்புக் காசுகள்: ஒரு கலவைப் பொட்டலத்தைப் பிரித்த வேலைப் பதிவு

வேலைக்கு எடுத்துக்கொண்டது ஜெர்மனியில் எடைக்கு விற்கும் கலவைப் பொட்டலம் ஒன்று. அறுபது சொச்சம் செப்புக் காசுகள், அநேகமாக எல்லாம் 1750-க்கும் 1873-க்கும் இடைப்பட்டவை. 1871-க்கு முன் ஜெர்மனி ஒரே நாடு கிடையாது. பிரஷ்யா, பவேரியா போன்ற முடியரசுகள், கோமகன்களின் சிற்றரசுகள், ஆயர்கள் ஆண்ட பகுதிகள், பிரேமென், பிராங்க்ஃபர்ட் மாதிரியான சுதந்திர நகரங்கள் என்று ஆளுக்கொரு காசு அடித்தார்கள். பிரித்து அடையாளம் காண விற்பவருக்கே பொறுமை இல்லாததால்தான் இந்தப் பொட்டலங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு தாலருக்கு (அந்தக் காலத்துப் பெரிய ஜெர்மன் வெள்ளிக் காசு) கொடுக்கும் பணத்தில் ஒரு சின்ன அட்டவணைப் பெட்டி நிறையச் செம்பு சேர்க்கலாம்.

கருவிகள் அதிகமில்லை. 0.01 கிராம் காட்டும் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைக்கண்ணாடி), பிளாஸ்டிக் தாடை வைத்த வெர்னியர் காலிப்பர் (எஃகுத் தாடை என்றால் நுனியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்), ஒரு காந்தம், கழுத்து வளைகிற மேசை விளக்கு, மூங்கில் பல்குச்சி, மென்மயிர்த் தூரிகை. திரவங்களில் சுத்தமான அசிட்டோன், காய்ச்சி வடித்த நீர், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

திரவம் எதையும் தொடுவதற்கு முன்பே எடை, விட்டம், படம் மூன்றையும் எடுத்துவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது களிம்பு உதிர்ந்தால் எடை குறையும். பழைய படம் இல்லாவிட்டால் அந்தக் குழி முன்பே இருந்ததா, நம் குச்சி போட்டதா என்று பிறகு சொல்ல முடியாது. காந்தத்தில் ஒட்டுவதைத் தனியே வையுங்கள். அது செம்பு முலாம் பூசிய இரும்பு, இந்தக் காலத்துக் காசு இல்லை.

சுத்தம் செய்வது

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்குகிறோம். அதே கை பழக்கத்தில் காசையும் விளக்கத் தோன்றும். புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். அமிலம் மேலிருக்கும் பழுப்பு ஆக்ஸைடு படலத்தைக் கரைத்து, அடியில் இருக்கும் செம்பை இளஞ்சிவப்பாகத் திறந்துவிடும். இருநூறு ஆண்டில் உருவான அந்தப் படலம் திரும்ப வராது. வருவது திட்டுத் திட்டான ஒரு ஆரஞ்சு நிறம். சேகரிப்பவர் எவரும் பத்தடி தூரத்திலேயே கண்டுகொள்வார். விலை பாதிக்கும் கீழே போகும்.

அசிட்டோன் அந்தப் பழைய படலத்தை, அதாவது பாட்டினாவைத் தொடாது. எண்ணெய், பசை, பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பச்சைப் பிசுக்கு ஆகியவற்றை மட்டும் கரைக்கும். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் 150 மில்லி ஊற்றி, காசுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காகப் போட்டு, அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை பல்குச்சியால் புரட்டிவிடுங்கள். பிறகு புது அசிட்டோனில் ஐந்து நிமிடம். முதல் குளியலின் அழுக்கு காசின் மேலேயே காய்ந்துவிடாமல் இருக்க இந்த இரண்டாவது குளியல் கட்டாயம். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு உதவாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் ஊதுவத்தியும் பக்கத்தில் வேண்டாம்.

வெளியே எடுத்ததும் சில காசுகள் வெளிறிப்போய்த் தெரியும். பயப்பட வேண்டாம், எண்ணெய்ப்பசை போனதன் விளைவு அது. வேறு சில காசுகளில் தேன் நிறப் படலம் வழன்று வரும். அது சாப்பான் லாக்கர். ஜெர்மனியில் அந்தக் காலச் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் செம்பு கெடாமலிருக்கப் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பாதி மட்டும் உரிந்த நிலையில் விட்டால் உரிந்த பகுதி தனியே கறுக்கும். பூச்சு முழுக்கப் போகும்வரை புது அசிட்டோன் மாற்றுங்கள்.

மண் ஒட்டியவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, லூப் வைத்துக்கொண்டு பல்குச்சியால் எழுத்தின் ஓரத்தில் மட்டும் தள்ளினால் போதும். குழாய் நீரில் அலசாதீர்கள். கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், செம்புக்குக் குளோரைடைவிடப் பெரிய எதிரி இல்லை. இறுகிய அழுக்குக்கு ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய வழக்கம். அந்த எண்ணெய் நாள்பட நாள்பட அமிலமாகும், மெதுவாகப் பாட்டினாவையும் அரிக்கும். லிக்விட் பாரஃபின் அப்படி மாறாது. வாரத்துக்கொருமுறை எடுத்துத் துடைத்து, குச்சியால் ஒரு சுற்றுத் தள்ளி, மறுபடி போட வேண்டும். முடிந்ததும் அசிட்டோனில் ஒரு முறை.

பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை. கரும்பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் அது நிலைத்துவிட்ட களிம்பு, விட்டுவிடுங்கள். வெளிர்பச்சையாக, மாவு மாதிரி, நகத்தால் தொட்டதும் உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் அது வெண்கல நோய். காசுக்குள் தங்கிய செம்புக் குளோரைடு காற்றின் ஈரத்தோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து தொடர்ந்து அரித்துக்கொண்டே போவது. சந்தேகமான காசை ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சு காசில் படாமல், ஒரு நாள் வைத்துப் பாருங்கள். புதிதாகப் பச்சை மாவு முளைத்தால் உறுதி.

அதற்கு மருத்துவம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் நீரற்ற சலவைச் சோடா 28 கிராம், சமையல் சோடா 22 கிராம். சலவைச் சோடா படிகமாக இருந்தால் அதில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான், ஆகவே 75 கிராம் வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் நீர்த்துப்போன கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துவிட்டு, "பலனில்லை" என்கிறவர்கள் உண்டு. வாரம் ஒருமுறை கரைசலை மாற்றி, சில வாரம். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, அந்த நீரில் ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டுப் பார்க்கலாம். பால்போல் கலங்கினால் இன்னும் குளோரைடு வெளியேறுகிறது. கார்பனேட் கரைசலிலேயே இந்தச் சோதனையைச் செய்தால் கார்பனேட்டே கலங்கிக் காட்டும், ஏமாந்துபோவீர்கள். பாட்டினா இந்தக் கரைசலில் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஐம்பது ரூபாய் பெறும் காசுக்கு இவ்வளவு வேலை தேவையில்லை. அதைத் தனி டப்பாவில் ஒதுக்கிவைப்பதே புத்திசாலித்தனம்.

எந்த ஊர்க் காசு

புதியவர்கள் முதலில் பார்ப்பது எழுத்தை. அதுதான் தடம் மாற்றுகிறது. பொட்டலத்தில் பாதிக் காசில் "ஷைடெ மியூன்ட்ஸெ" என்று பெரிதாக இருக்கும். அதை நாட்டின் பெயர் என்று எழுதிவைத்த அட்டைகளை விற்பனைத் தட்டுகளில் பார்க்கலாம். சில்லறைக் காசு என்பதற்கு மேல் அதில் தகவல் இல்லை. அக்கசாலைக் குறி எழுத்து (எந்தச் சாலையில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்து) இன்னும் மோசம். 'டி' என்ற ஒரே எழுத்து, பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் காலத்துக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துக் கால்-ஸ்டியூபர் காசில் ஆவ்ரிஹ் நகரம்; 1848 வரையிலான பிரஷ்யக் காசில் டியூசல்டோர்ஃப்; 1871-க்குப் பிந்தைய பேரரசுக் காசில் மியூனிக். 'ஏ' என்றால் பெர்லின் என்று மனப்பாடம் செய்தவர், ஹனோவர் அரசின் காசில் அது கிளவுஸ்தால் சுரங்க ஊரைக் குறிப்பதைப் பார்த்துத் திகைப்பார். பெர்லினே பல சிற்றரசுகளுக்குக் கூலிக்கு அடித்துக் கொடுத்ததால், ரோய்ஸ், வைமார், ஷ்வார்ட்ஸ்புர்க் காசுகளிலும் 'ஏ' வரும். டிரெஸ்டனில் ஜி, எஃப், பி என்று வருபவை ஊர்க்குறியே இல்லை. குரோமான், ஃபிஷர், புஷிக் என்று அடுத்தடுத்து வந்த அக்கசாலைத் தலைவர்களின் முதலெழுத்து. ஆக, குறி எழுத்து கடைசியில்தான் பயன்படும். அரசு எதுவென்று தெரிந்த பிறகு.

முதலில் பார்க்க வேண்டியது கணக்கு. ஒரு தாலருக்கு இத்தனை காசு என்பதைப் பல அரசுகள் காசிலேயே பொறித்துவிட்டன. 1821 சட்டத்துக்குப் பிறகு பிரஷ்யாவில் ஒரு தாலர் 30 சில்பர்குரோஷன், அதாவது 360 ஃபென்னிக். கேடயத்தைச் சுற்றி 1 ஃபென்னிக்கில் "360 ஐனென் தாலர்", 2-இல் 180, 3-இல் 120, 4-இல் 90 என்று இருக்கும். பின்பக்கம் வழுக்கையாகிவிட்ட காசில்கூட இந்த எண்ணின் முதல் இலக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: 3 என்றால் ஒரு ஃபென்னிக், 9 என்றால் நான்கு. 1 என்றால் 180-ஆ 120-ஆ என்ற குழப்பம். அப்போது தராசு. ஃபென்னிக் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொண்டால், 2.8 கிராம் காட்டுவது இரண்டு, 4.3 காட்டுவது மூன்று. தேய்மானத்தால் எடை குறைவாகத்தான் இருக்கும், அதிகமாக இருக்காது.

360 என்று பார்த்ததும் பிரஷ்யா என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஹெஸ்ஸென்-காசல் 1843 முதல் அடித்த ஹெல்லரிலும் அதே "360 ஐனென் தாலர்" உண்டு. அங்கே தாலரின் முந்நூற்று அறுபதில் ஒரு பங்குக்கு ஹெல்லர் என்று பெயர். கேடயத்தில் கழுகு என்றால் பிரஷ்யா, கோடு போட்ட சிங்கம் என்றால் ஹெஸ்ஸென். இதே ஹெல்லர் என்ற பெயர் பவேரியாவில் வேறு மதிப்பு. தெற்கே கணக்கு குல்டனில் ஓடியது: 1 குல்டன் 60 க்ராய்ட்சர், 1 க்ராய்ட்சர் 4 ஃபென்னிக், 1 ஃபென்னிக் 2 ஹெல்லர். தாலர் ஒன்றே முக்கால் குல்டனுக்குச் சமம். ஆகவே 840 பவேரிய ஹெல்லர் சேர்ந்தால் ஒரு தாலர். காசல் ஹெல்லர் ஒன்றுக்கு இரண்டேகால் பவேரிய ஹெல்லருக்கும் மேலே. பெயரைப் பார்த்து ஒரே தட்டில் போட்டுவிட முடியாது.

360 மட்டுமே கணக்கு இல்லை. பழைய முறையில் தாலருக்கு 24 குரோஷன், குரோஷனுக்கு 12 ஃபென்னிக், மொத்தம் 288. ஹனோவர் 1857 வரை இதில் இருந்தது. சாக்ஸனி 1841-இல் 30 நோய்குரோஷன், 300 ஃபென்னிக் என்று மாறியது. ஆல்டன்புர்க்கும் கோத்தாவும் கூடவே போயின. ஹனோவர் 1858-இல் வந்து சேர்ந்தது. 1873 நாணயச் சட்டத்தில் ஒரு தாலர் மூன்று மார்க், மார்க் ஒன்றுக்கு நூறு ஃபென்னிக் என்று வந்தபோது சாக்ஸனிக்காரர் சட்டைப்பையில் இருந்த பழைய ஃபென்னிக்கும் புதிய ஃபென்னிக்கும் ஒரே மதிப்பு. பிரஷ்யருக்கு அப்படி இல்லை. அவருடைய பழைய ஃபென்னிக் 120 சேர்ந்தால்தான் ஒரு மார்க்.

வடமேற்கில் இன்னொரு உலகம். பிரேமெனில் தாலருக்கு 72 க்ரோட்ட, க்ரோட்டவுக்கு 5 ஷ்வாரன். அதனால்தான் "2½ ஷ்வாரன்" என்று பார்த்தால் விசித்திரமாகத் தெரிகிற காசு அங்கே உண்டு. அது வெறும் அரை க்ரோட்ட. ஓல்டன்புர்க் முதலில் இதே கணக்கில் இருந்துவிட்டு, 1858-இல் குரோஷனுக்கு 12 ஷ்வாரன் என்று மாறியது. ஷ்வாரன் என்ற பெயரும் சாவிச் சின்னமும் சேர்ந்து வந்தால் பிரேமென் என்பதில் சந்தேகமே இல்லை.

கணக்கு சிக்காத காசுக்குச் சின்னம். சில சின்னங்கள் எவ்வளவு தேய்ந்தாலும் கைவிடாது: ஐந்திதழ் ரோஜா லிப்பெ, முள்விளிம்பு இலை ஷௌம்புர்க்-லிப்பெ, சுவர்மேல் நடக்கிற கரடி அன்ஹால்ட், எட்டுமுனை நட்சத்திரம் வால்டெக், எருதுத் தலை மெக்லென்புர்க், கழுகுத் தலையும் சிங்க உடலும் சேர்ந்த க்ரைஃபன் ரோஸ்டோக், ஓடுகிற குதிரை பிரவுன்ஷ்வைக் அல்லது ஹனோவர். சாய்ந்த பட்டை ஒன்று மட்டும் என்றால் பாடன். பாடனில் ஒரு சுவாரசியம்: அரசமைப்பின் ஐம்பதாம் ஆண்டு (1868), 1871 சமாதானக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு ஒரு க்ராய்ட்சர் செம்பிலேயே நினைவுக் காசு அடித்தார்கள். வெள்ளி வாங்கக் காசில்லாதவருக்கு நல்ல ஒரு சின்னத் தொகுப்பு அமையும்.

சிக்கலானது சக்கரம். பொட்டலத்தில் வந்த ஒரு தேய்ந்த வட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு ஆரக்கால் சக்கரம், சுற்றெழுத்து அழிந்துவிட்டது. மைன்ட்ஸ் பேராயருக்கும் ஆறு ஆரச் சக்கரம். ஓஸ்னாப்ரூக் நகரத்துக்கும் ஆறு ஆரச் சக்கரம். விளக்கை மேசையோடு மேசையாகச் சாய்த்து, காசைக் கடிகார முள்போல் மெல்லச் சுற்றினோம். நேர்வெளிச்சத்தில் வெறும் பழுப்பாக இருந்த பின்பக்கத்தில் ஒரு கோணத்தில் மட்டும் இரண்டு செங்குத்துக் கோடுகள் நிழல் விட்டன. இன்னும் கொஞ்சம் சுற்றியதும் மூன்றாவது. ரோமன் மூன்று. சக்கரத்துக்கு மேலே கேடயமோ தொப்பியோ இருந்த தடமும் இல்லை. ஓஸ்னாப்ரூக் நகரம் மதிப்பை இப்படி ரோமன் எண்ணாகப் பெரிதாகப் போடும். மைன்ட்ஸ் சக்கரம் பெரும்பாலும் எலெக்டரின் (பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஆட்சியாளரின்) தொப்பியோடு வரும். அட்டையில் "ஓஸ்னாப்ரூக் நகரம், 3" என்று பென்சிலில் எழுதி, ஆண்டுக்கு இடம் விட்டாகிவிட்டது.

தேய்ந்த எழுத்தைப் படிக்கக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பது சிலரின் பழக்கம். மேட்டுப் பகுதியில் மிச்சமிருக்கும் கொஞ்சமும் அதில் மழுங்கும். சாய்ந்த ஒற்றை விளக்கும் பொறுமையும் அதைவிட அதிகம் காட்டும். கைபேசியில் படம் எடுப்பதானால் அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைக் காசுக்கு இடப்பக்க மேலிருந்து தாழ்வாக வையுங்கள். கறுத்த செம்பு வெளிச்சத்தை விழுங்கும்; எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றினால்தான் எழுத்து வரும்.

ரோய்ஸ் காசு கிடைத்தால் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிஹ் என்றே பெயர். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்; இளைய கிளை நூற்றாண்டு மாறும்போது தொடங்கும். ஆகவே காசில் ஹைன்ரிஹ் 62, ஹைன்ரிஹ் 67 என்று ரோமன் எண்ணில் பார்த்தால் படித்தது தப்பு என்று நினைக்க வேண்டாம். ஓர் எழுத்து தேய்ந்திருந்தால் ஆளும் கிளையும் மாறிப்போகும். ஆண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

வெஸ்ட்ஃபாலியா தனி ரகம். நெப்போலியனின் தம்பி ஜெரோம் 1807 முதல் 1813 வரை ஆண்ட அந்த அரசில் செப்புக் காசுகள் பிரெஞ்சு முறையில் சென்டிம் கணக்கில் அடிக்கப்பட்டன. ஜெர்மன் பொட்டலத்தில் சென்டிம் வந்தால் பிரெஞ்சுக் காசு தவறி விழுந்திருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹெச், என் இரண்டும் கோத்த முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

பிராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு பொறி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் தனியார் அடித்துப் புழக்கத்தில் விட்ட சின்னச் செப்புத் துண்டுகள் அந்த வட்டாரமெங்கும் பரவின. பட்டியல்களில் யூடன்ஃபென்னிக் என்ற பழைய பெயரில் இருக்கும். 1703, 1740 என்று பொய்யான ஆண்டுகள், "அட்ரிபுவோ", "ஹால்பாக்", "தேலர்" என்று எந்த நாட்டிலும் இல்லாத மதிப்புப் பெயர்கள். இவற்றைப் பதினெட்டாம் நூற்றாண்டு அரசுக் காசு என்று விலை ஏற்றிச் சொல்வார்கள். போலி என்று தூக்கியெறியவும் வேண்டாம். தங்கள் பெயரிலேயே சேகரிக்கத் தகுந்தவை.

விலையும் தரமும்

ஜெர்மன் விற்பனையாளர்கள் அட்டையில் எழுதும் சுருக்கம் 'எஸ்', 'எஸ்எஸ்', 'விஇசட்'. 'எஸ்' என்றால் நன்றாகத் தேய்ந்தது, 'எஸ்எஸ்' நடுத்தரம், 'விஇசட்' கொஞ்சமே தேய்ந்தது. செம்பில் 'எஸ்எஸ்'-க்கும் 'விஇசட்'-க்கும் இடையே விலை பல மடங்கு தாவும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆஹன் நகரத்து 12 ஹெல்லர் போன்றவை அச்சிலேயே கரடுமுரடு. அவற்றில் மங்கிய கழுகைத் தேய்மானம் என்று குறைத்து மதிப்பிடக்கூடாது. கழுகு மங்கலாகவும் எழுத்தின் ஓரம் கூர்மையாகவும் இருந்தால் அடி சரியாக விழவில்லை என்று பொருள். இரண்டுமே மழுங்கியிருந்தால்தான் தேய்மானம்.

அமிலத்தில் கழுவிய காசுக்கு மறுபடி நிறமேற்றி விற்பதும் நடக்கிறது. கந்தகச் சேர்மம் பூசினால் சாக்லேட் நிறம் ஒரே நாளில் வரும். லூப்பில் பாருங்கள்: இயற்கைப் பாட்டினா மேட்டில் வெளிறியும் பள்ளத்தில் கறுத்தும் இருக்கும், ஏற்றிய நிறம் மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே சீராகப் படிந்திருக்கும், எழுத்தின் உள்மூலையில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும்.

வைத்துப் பாதுகாப்பது

மிருதுவான பிவிசி உறையைத் தவிருங்கள். அதிலுள்ள மிருதுவாக்கி கசிந்து, பிளாஸ்டிக் சிதைந்து அமிலம் வெளியேறி, காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பொட்டலத்தில் அசிட்டோன் கரைத்த பிசுக்கில் பெரும்பகுதி இதுதான். மைலார் ஜன்னல் வைத்த இரண்டங்குல அட்டை மலிவு, போதுமானது. ஸ்டேப்ளர் முள்ளின் முனைகளைக் குறட்டால் தட்டையாக நசுக்கிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த அட்டையில் இருக்கும் காசைக் கீறும். அட்டையில் எழுதுவதைக் காசை உள்ளே வைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்: அரசு, ஆட்சியாளர், மதிப்பு, ஆண்டு, குறி எழுத்து, எடை, விட்டம், கொடுத்த விலை. வெறும் விரலால் காசின் முகத்தைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு சில வாரத்தில் ரேகையாக எழும். தொட்டுவிட்டால் அன்றே ஒரு அசிட்டோன் குளியல்.

பெட்டிக்குள் சிலிகா ஜெல் வைத்தால் மட்டும் போதாது. நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி வைக்க வேண்டும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி ஊரில் மழைக்காலத்தில் அது சீக்கிரமே நிறைந்துவிடும். ஈரமானி ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுவைத்து, காற்றின் ஈரம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். வெண்கல நோய்க்கு வைத்தியம் செய்த காசுகள் எப்போதும் வேறு டப்பாவில். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த டப்பாவை.

அடையாளம் தெரியாமல் மிஞ்சியவற்றை எடை, விட்டம், தெரிகிற எழுத்து ஆகியவற்றோடு மட்டும் அட்டையில் போட்டு வைத்திருக்கிறது. நல்ல நிலையில் அதே காசு என்றாவது விற்பனைக்கு வந்தால், தராசு எண்ணும் விட்டமும் ஒப்பிட்டுப் பார்க்கத் தயாராக இருக்கும்.